ராஜகோபுரம் முழுசா படத்துக்குள்ள வரணும்னா என்ன லென்ஸ் வாங்கணும்?

 

போன இதழில் நம் ஊர் ராஜகோபுரத்தைப் பற்றிப் படித்திருப்பீர்கள். கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சாவூர் சேவப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது. 11 நிலை, 217 அடி. இந்த இதழில் அதே கோபுரத்தை ஒரு காகிதத்துக்குள்ள அடக்குவது எப்படின்னு நான் எழுதுகிறேன். இதை நான் புத்தகம் பார்த்து எழுதவில்லை. எங்க மாமா பட்ட பாட்டைப் பார்த்து எழுதுகிறேன்.

எங்க மாமா ஊரில் சின்னதா ஒரு ஸ்டுடியோ வச்சிருக்காரு. எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்குக்கூட ஆள் குறைஞ்சு போச்சு. அப்போதான் ஒரு லாட்ஜ்காரர் வந்து, "வரவேற்பு ஹாலில் மாட்ட ராஜகோபுரம் படம் வேணும். 6 அடி உயரம். கோபுரம் நேரா நிக்கணும்" என்று சொல்லி அட்வான்ஸும் கொடுத்தாரு. மாமா தன்னிடம் இருந்த 24 மி.மீ. லென்ஸில் கேமராவை அண்ணாந்து பிடிச்சு எடுத்தாரு. அவர் படத்தைப் பார்த்துட்டு, "என்னங்க, கோபுரம் மல்லாந்து விழற மாதிரி இருக்கு?" என்று கேட்டாரு. ஒரு மாதம் டைம் கொடுத்தாரு. இல்லேன்னா அட்வான்ஸ் திருப்பித் தரணும். அந்தப் பணம் ஏற்கெனவே கடை வாடகைக்குப் போயிடுச்சு.

புது லென்ஸ் வாங்க மாமாவிடம் பணம் இல்லை. எங்க அம்மா தையல் மெஷின் வாங்க சீட்டுப் போட்டு 15,000 ரூபாய் எடுத்து வச்சிருந்துச்சு. "எடுத்துக்கோடா தம்பி. ஆனா சரியானதை வாங்கு. ரெண்டாவது தடவை என்கிட்ட பணம் இல்ல" என்று அம்மா சொல்லுச்சு. அதனால எந்த லென்ஸ் என்பது எங்க வீட்டில் பெரிய கேள்வி ஆயிடுச்சு.

கோபுரம் ஏன் சாயுது?

கேமரா நேரா இருந்தால் நேரான சுவர் படத்திலும் நேராத்தான் நிற்கும். கேமராவை அண்ணாந்தால் மேலே போகப் போக எல்லாம் உள்பக்கம் குவியும். கோபுரம் வேற ஏற்கெனவே மேலே போகப் போகச் சிறுத்துத்தான் இருக்கும். அண்ணாந்து எடுத்தா இன்னும் சிறுத்து, பின்னால சாய்ஞ்சு போகுது. கம்ப்யூட்டரில் நிமிர்த்தலாம். மாமா நிமிர்த்தியும் பார்த்தாரு. ஆனா மேல் பக்கத்தை இழுத்து இழுத்து நிமிர்த்துவதால், 6 அடிக்குப் பெருசாக்கினப்போ கலசம் எல்லாம் மங்கிப் போச்சு.

அப்படின்னா கேமராவை அண்ணாக்காமல், முழுக் கோபுரமும் உள்ளே வரணும். அதுக்கு ரொம்ப அகலமாப் பார்க்கிற லென்ஸ் வேணும். அதைத்தான் அல்ட்ரா வைட் என்கிறார்கள். முன்னே பின்னே இழுத்து மாற்றாமல் ஒரே அளவில் இருப்பது பிரைம் லென்ஸ். ஃபோகஸைக் கையாலேயே திருப்பணும் என்றால் மேனுவல். இந்த மூன்றும் சேர்ந்ததைத்தான் மாமா தேடினாரு.

கணக்கு போட்டுப் பார்த்தோம்

மாமா கேமரா ஃபுல் ஃபிரேம். அதாவது உள்ளே படம் விழுகிற சில்லு 36 மி.மீ. நீளம், 24 மி.மீ. அகலம். பழைய பிலிம் ரோலில் ஒரு படம் இருக்குமே, அதே அளவு. கேமராவை உயரவாக்கில் பிடிச்சா 36 மி.மீ. உயரம் கிடைக்கும். கேமரா நேரா இருந்தால் அதில் பாதி, 18 மி.மீ., நம் கண்ணுக்கு மேலே உள்ளதுக்கு. மீதிப் பாதி கீழே உள்ளதுக்கு.

இங்கேதான் கணக்கு டீச்சர் நடத்தின வடிவொத்த முக்கோணம் உதவிச்சு. கோபுரம் 217 அடி. கேமரா தரையிலிருந்து 5 அடி. மேலே மிச்சம் 212 அடி. அந்த 212 அடி 18 மி.மீ.க்குள் அடங்கணும். லென்ஸின் மி.மீ.யை 212 ஆல் பெருக்கி 18 ஆல் வகுத்தால், எத்தனை அடி தள்ளி நிற்கணும்னு வந்துடும்.

50 மி.மீ. லென்ஸ்: 589 அடி
24 மி.மீ.: 283 அடி
20 மி.மீ.: 236 அடி
16 மி.மீ.: 188 அடி
15 மி.மீ.: 177 அடி
14 மி.மீ.: 165 அடி
12 மி.மீ.: 141 அடி

பிறகு நானும் மாமாவும் விடியற்காலையில் போய் அளந்தோம். என் ஒரு எட்டு 2 அடி. கோபுரத்துக்கு நேர் எதிரே, கடைப் பந்தலும் கரண்டு கம்பியும் மறைக்காமல் நிற்கக்கூடிய கடைசி இடம் 90 எட்டு. அதாவது 180 அடி. அதனால 20, 16 ரெண்டும் அவுட்! 15 மி.மீ. மயிரிழையில் பாஸ். 14 மி.மீ.க்கு 15 அடி மிச்சம் இருக்கு. 12 மி.மீ.யும் பத்தும். ஆனா கோபுரம் சின்னதாயிடும், ரெண்டு பக்கமும் கடை போர்டாத்தான் தெரியும். மாமா முதலில் 20 மி.மீ. தான் வாங்க இருந்தாரு. வாங்கியிருந்தா அம்மாவோட பணம் வீணாப் போயிருக்கும்.

ஒன்று கவனிக்கணும். இந்தக் கணக்கு ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு மட்டும்தான். சின்னச் சில்லு உள்ள கேமராவில் இதே 14 மி.மீ. லென்ஸ் சுமார் 21 மி.மீ. மாதிரிதான் காட்டும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. வளையம் பொருந்துமா? ஒவ்வொரு கம்பெனி கேமராவுக்கும் லென்ஸ் மாட்டும் வளையம் வேற. லாவா 15 மி.மீ. எஃப் 2 நல்ல லென்ஸ். ஆனா அது கண்ணாடி இல்லாத புது ரக மிரர்லெஸ் கேமராவுக்கானது. மாமாவிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேனான் 6டி. அதில் மாட்ட முடியாது.

2. கோடு வளையுதா? லாவா 12 மி.மீ. லென்ஸின் பேரிலேயே 'ஜீரோ டி' என்று இருக்கும். நேர்கோடு கிட்டத்தட்ட நேராவே விழும் என்று அர்த்தம். சாம்யாங் 14 மி.மீ. எஃப் 2.8 விலை குறைவு, படம் தெளிவு. ஆனா நேர்கோடு மீசை மாதிரி அலையா வளையும். கம்ப்யூட்டரில் சரி செய்யலாம். அண்ணாந்து எடுத்ததை நிமிர்த்துவது போல அவ்வளவு இழுக்க வேண்டியதில்லை.

3. முன் கண்ணாடி எப்படி இருக்கு? சாம்யாங் 14இல் கண்ணாடி தவளைக் கண் மாதிரி உப்பி இருக்கும். முன்னால ஃபில்டர் திருக முடியாது. கார்த்திகை மாதம் நம் ஊரில் மழை, கூடவே கற்பூரப் புகை. ஜாக்கிரதையா இருக்கணும். ஐரிக்ஸ் 15 மி.மீ. எஃப் 2.4இல் 95 மி.மீ. ஃபில்டர் திருகலாம். ஆனா அது பட்ஜெட்டில் இல்லை.

4. வெளிச்சத் துளை. கையால் திருப்பும் வளையத்தில் எஃப் 2.8, 4, 8 என்று இருக்கும். எண் கூடினால் துளை சின்னதாகும். கேனானுக்கு வரும் பழைய மேனுவல் லென்ஸில் எஃப் 8க்குத் திருப்பினால் கண் வைத்துப் பார்க்கிற இடமும் இருட்டாகும். பழுது என்று பயப்படாதீர்கள். துளை அப்போதே சுருங்குவதால்தான் அப்படி.

கையால் ஃபோகஸ் பண்ணுவது கஷ்டமா?

இல்லை. அல்ட்ரா வைட் லென்ஸில் அதுதான் ரொம்ப சுலபம். 14 மி.மீ. லென்ஸை எஃப் 8இல் வைத்து, முக்கால் அடி குறைய 3½ அடிக்கு, அதாவது 2¾ அடிக்கு ஃபோகஸ் வைத்தால், ஒன்றரை அடியில் இருக்கிற பூக்கூடை முதல் மலை உச்சி வரை எல்லாம் தெளிவு. 50 மி.மீ. லென்ஸில் இதே மாதிரி வேணும்னா 34 அடியில் வைக்கணும், 17 அடிக்குக் கிட்டே இருப்பது மங்கும்.

ஆனா ஒரு இடத்தில் நாங்க ஏமாந்தோம். வாங்கும் முன் ஒரு நாள் வாடகைக்கு ஒரு 14 மி.மீ. லென்ஸ் எடுத்தோம். விளக்கு எரியும்போதே எடுக்கலாம் என்று விடிவதற்கு முன்னால் போனோம். எஃப் 2.8. ரொம்ப தூரத்துக்கு அடையாளமா படுத்த எட்டு மாதிரி ஒரு குறி இருக்கும். வளையத்தை அந்தக் குறியில் வைத்தது நான்தான். வீட்டுக்கு வந்து பார்த்தா எல்லாப் படமும் மசமசன்னு இருந்துச்சு. அந்த லென்ஸில் குறி கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. மாமா, "அழாத பாப்பா, வாடகை ஒரு நாளுக்குத்தான் போச்சு. வாங்கியிருந்தா?" என்றாரு. அன்றிலிருந்து குறியை நம்புவதில்லை. கேமரா பின்னால் உள்ள திரையில் தூரத்து விளக்கைப் பெருசாக்கி, அது புள்ளியாகும் வரை திருப்பி, அந்த இடத்தில் சொந்தமா ஒரு கோடு போட்டுக்கணும்.

எதுக்கு உதவாது?

கார்த்திகை தீபத்துக்கு! 2668 அடி மலை இந்த லென்ஸில் மண்மேடு மாதிரி சுருங்கிடும், தீபம் கல் உப்பு அளவுகூட இருக்காது. அதுக்குத் தூரத்தைக் கிட்டே இழுக்கும் நீள லென்ஸ்தான் வேணும். கல்யாண குரூப் போட்டோவுக்கும் ஆகாது. ஓரத்தில் நிற்கிற அத்தை முகம் பூசணிக்காய் ஆயிடும். அப்புறம் நமக்குத்தான் திட்டு.

கடைசியில் என்ன ஆச்சு?

மாமா செகண்ட் ஹேண்டில் ஒரு சாம்யாங் 14 மி.மீ. வாங்கினாரு. வாங்கும்போதே கேமராவில் மாட்டி, கண்ணாடியில் பூஞ்சை இருக்கான்னு டார்ச் அடிச்சு, குறியையும் சரி பார்த்தாரு. ராஜகோபுரம் கிழக்கு பார்த்தது. அதனால வெயில் முகத்தில் விழும் காலையில் போனோம். ஸ்டாண்டு போட்டு, நீர்மட்டம் வைத்துக் கேமராவை நேரா நிறுத்தினாரு. கலசத்துக்கு மேலே வானம்கூடக் கொஞ்சம் இருந்துச்சு. கோபுர உச்சி வாசலைவிட உள்ளே தள்ளி இருப்பதால் கணக்கைவிட இடம் கூடுதலாவே கிடைச்சுது.

ஆனா படத்தில் கீழ்ப் பாதி முழுக்க வெறும் ரோடு! நேரா வைத்தால் அப்படித்தான் வரும் என்று கணக்கிலேயே இருந்தது, நான்தான் யோசிக்கலை. பூ விற்கிற பாட்டியிடம் கேட்டு, அவங்க பூக்கூடையை 3 அடி முன்னால் நடுவில் வச்சோம். முன்னால சாமந்தி, பின்னால கோபுரம், ரெண்டுமே பளிச்.

லாட்ஜ்காரர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாரு. ஒரு அடி ஸ்கேலைக் கொண்டு வந்து கோபுரத்தின் நடுவில் வச்சும் பார்த்தாரு. அப்புறம் மிச்சப் பணத்தை எண்ணிக் கொடுத்தாரு. மாமா அம்மாவுக்கு 9,000 திருப்பிக் கொடுத்தாச்சு. பாக்கி 6,000 பொங்கலுக்குள். தையல் மெஷின் இன்னும் வரலை. வந்ததும் முதல் பாவாடை எனக்குத்தான்னு அம்மா சொல்லியிருக்கு.

லென்ஸ் விலையைக் கேட்கும் முன்னால் நிற்கிற இடத்தை அளந்து பாருங்க. நான் கற்றது அதுதான்.

உங்களுக்கு ஒரு கேள்வி: ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 13 நிலை, 236 அடி, 1987இல் கட்டி முடிக்கப்பட்டது. 14 மி.மீ. லென்ஸில் கேமராவை நேரா வைத்து எடுக்க எத்தனை அடி தள்ளி நிற்கணும்? கேமரா உயரம் 5 அடி. விடையை எழுதி என்னிடம் கொடுங்கள். சரியான விடை அடுத்த இதழில்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி