உப்பும் உலோகமும்: இளையோரின் இடுப்பு மூட்டு உள்வைப்புகள் நீடித்து உழைத்தல் – மரக்காணம் உப்பளப் பகுதியை முன்வைத்து

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம், சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் என அறிஞர் பலரால் இனங்காணப்படும் நெய்தல் ஊர். உப்பளமே இன்றும் அதன் முதன்மை அடையாளம். பாத்தியில் குனிந்து உப்பை வாருவதும், சுமையைத் தலையிலேற்றி வரப்பின்மீது நடப்பதும் இடுப்பு மூட்டை ஓயாது வருத்தும் வேலைகள். இத்தகைய உழைப்பாளி ஒருவருக்கு முப்பது வயதில் அம்மூட்டை மாற்ற நேர்ந்தால், எப்பொருளாலான உள்வைப்பு அவருக்கு நீடித்து உழைக்கும்? ஆண்டுக்கணக்கு மட்டும் இதற்கு விடையாகாது. நடையின் எண்ணிக்கையையும் உப்பின் வேதியியலையும் சேர்த்தே விடை காண வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

இளையோரும் ஆண்டுக்கணக்கும்

மேலைநாடுகளில் இடுப்பு மூட்டு மாற்று பெரும்பாலும் முதுமைத் தேய்மானத்திற்காகச் செய்யப்படுவது. இந்தியாவிலோ இரத்தவோட்டம் தடைப்பட்டுத் தொடையெலும்பின் தலை மடிதல், முதுகெலும்பை இறுக்கும் அழற்சி, விபத்துக் காயம் ஆகியவற்றால் இளவயதினரே கணிசமாக இச்சிகிச்சைக்கு வருகின்றனர். லான்செட் இதழில் 2019இல் வெளியான தொகுப்பாய்வு, மாற்றப்பட்ட இடுப்பு மூட்டுகளில் ஏறத்தாழ 58 விழுக்காடு 25 ஆண்டுகள் நிலைத்ததாகக் கணித்தது. எழுபது வயதினருக்கு இது ஆறுதலளிக்கும் செய்தி. முப்பது வயதினருக்கோ 25 ஆண்டுகள் கழிந்தாலும் வயது ஐம்பத்தைந்துதான். உழைக்க வேண்டிய காலம் இன்னும் எஞ்சியிருக்கும்.

மேலும், தேய்மானத்தை அளப்பது காலமன்று, பயன்பாடே. ஆய்வகச் சோதனைப் பொறியில் 10 லட்சம் அசைவுச் சுழற்சிகளை ஓராண்டு நடையாகக் கொள்வது வழக்கம். நாள் முழுதும் நடந்து சுமப்பவர் அந்த ‘ஓராண்டை’ ஆறேழு மாதங்களில் கடந்துவிடக்கூடும்.

தேய்மானம்

ஆங்கிலேய மருத்துவர் ஜான் சார்ன்லி முதலில் கிண்ணத்திற்குப் பயன்படுத்திய டெஃப்லான் சில ஆண்டுகளிலேயே தேய்ந்து தோல்வியுற்றது. 1962இல் அவர் மிகை மூலக்கூற்று எடையுள்ள பாலிஎதிலீனுக்கு மாறினார். இன்றைய மூட்டு மாற்றின் அடித்தளம் அதுவே. எனினும் பழைய பாலிஎதிலீன் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தது. அளவில் இது சிறிதே. ஆனால் உதிரும் நுண்துகள்களை விழுங்கும் உடற்செல்கள் சுற்றியுள்ள எலும்பைக் கரைக்கத் தூண்டுவதால் உள்வைப்பின் பிடிமானம் தளர்கிறது. 1990களின் இறுதியில் பயன்பாட்டுக்கு வந்த, கதிர்வீச்சால் குறுக்குப் பிணைப்பு மிகுவிக்கப்பட்ட பாலிஎதிலீன் இத்தேய்மானத்தைப் பெரிதும் குறைத்தது. இளையோரைப் பொறுத்தவரை அண்மைக்கால மாற்றங்களுள் இதுவே பெரியது என்பது என் கணிப்பு.

உப்பு

உப்பளத்து இரும்பு விரைவில் துருவேறுவதை அறியாதார் அங்கில்லை. உப்பு வாரும் பலகை மரத்தாலானது. நம் உடலும் ஓர் உப்புநீர்ச் சூழலே. கடல்நீரில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு உப்பு உண்டெனில், உடல்நீரில் 0.9 விழுக்காட்டை ஒத்த உப்பு உண்டு. உள்வைப்பு உலோகங்களைக் காப்பது அவற்றின் மேற்பரப்பில் தானே உருவாகும், சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஆக்சைடு படலம். துருப்பிடிக்காத எஃகில் அப்படலத்தைக் குளோரைடு அயனிகள் துளைத்துச் சிறுகுழிகளை உண்டாக்கும். டைட்டானியத்தின் படலம் வலியது. ஆனால் அவ்வுலோகம் உராய்வைத் தாங்காது. ஆகவே டைட்டானியம் தண்டுக்கும், கோபால்ட்-குரோமியம் பந்துக்கும் என வகுத்துக்கொண்டனர்.

சிக்கல் அவ்விரண்டும் பொருந்தும் கூம்பு இணைப்பில் எழுகிறது. ஒவ்வோர் அடியிலும் அங்கு ஏற்படும் நுண்ணசைவு படலத்தைக் கிழிக்கிறது. இடுக்கில் தேங்கிய நீரில் ஆக்சிஜன் குறைய, படலம் மீள உருவாவது தடைப்படுகிறது. குளோரைடு சேரச்சேர அந்நீர் அமிலமாகி அரிப்பை விரைவுபடுத்துகிறது. பீங்கான் பந்து இவ்விடத்தில் இரட்டைப் பயன் தருவது: வழவழப்பால் கிண்ணத்தின் தேய்மானம் குறைகிறது, இணைப்பின் ஒருபுறம் உலோகமற்றதாவதால் அரிப்பும் தணிகிறது. பந்து, கிண்ணம் இரண்டும் பீங்கானாயின் தேய்மானம் மிகக் குறைவே. எனினும் ஆழ்ந்து குந்தும்போது விளிம்பில் அழுத்தம் குவியலாம்; அரிதாக உடைந்தால் சில்லுகளை முற்றும் அகற்றுவது கடினம். தரையில் அமர்ந்தும் குந்தியும் வாழ்பவருக்குப் பீங்கான் பந்தும் புதிய பாலிஎதிலீன் கிண்ணமும் கொண்ட இணையே ஏற்றது எனக் கருதுகிறேன்.

ஏ.எஸ்.ஆர். நிகழ்வு

உலோகக் கிண்ணத்தில் உலோகப் பந்து உழலும் வகை, சுறுசுறுப்பான இளையோருக்கு ஏற்றதெனப் பரிந்துரைக்கப்பட்டது. ஜான்சன் அண்ட் ஜான்சனின் துணை நிறுவனமான டிப்யூ, தன் ஏ.எஸ்.ஆர். வகையை 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றது. ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு மறு அறுவை தேவைப்பட்டதைப் பிரித்தானியப் பதிவேட்டுத் தரவு காட்டியிருந்தது. ஆழங்குறைந்த கிண்ணத்தின் விளிம்பில் உராய்ந்து வெளியேறிய கோபால்ட், குரோமியம் அயனிகள் தசையைச் சிதைத்தன, இரத்தத்திலும் கலந்தன.

இந்தியாவில் ஏறத்தாழ 4,700 அறுவைகளில் இவ்வகை பொருத்தப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழ 3,600 பேரைக் கண்டறிய இயலவில்லை என்பது மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழுவின் அறிக்கைவழி 2018இல் வெளிவந்தது. பொருளின் குறை ஒருபுறமிருக்க, யார் உடலில் எது உள்ளது என்ற பதிவின்மை இங்கு பெருங்கேடாயிற்று.

உப்பளத் தொழிலாளர்க்குரிய நடைமுறை

2017 ஆகஸ்டில் முழங்கால் உள்வைப்புகளுக்கு விலை உச்சவரம்பு விதித்த ஆணை இடுப்பு மூட்டைச் சேர்க்கவில்லை. எனவே கூலித்தொழிலாளர்க்குப் பொருளைத் தேர்வதில் விலைக்குப் பெரும்பங்கு உண்டு. முதல் அறுவையிலேயே இரண்டாம் அறுவையை எண்ணி எலும்பைக் காக்கும் தண்டைத் தேர்தல் வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் உப்பளம் ஓய்வதால், அதற்குச் சற்று முன்னர் அறுவை நிகழ்ந்தால் நடை மீளும் மாதங்களில் கூலியிழப்பு குறையும். உள்வைப்பின் உறையிலுள்ள தொகுதி எண் ஒட்டுச்சீட்டு மருத்துவமனைக் கோப்பில் மட்டுமின்றி, நோயாளியின் கையிலுள்ள குறிப்பேட்டிலும் ஒட்டப்பட வேண்டும். வலி இல்லாவிடினும், குறித்த இடைவெளியில் ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தல் இன்றியமையாதது. எலும்புக் கரைவு தொடக்கத்தில் வலிப்பதில்லை.