பீட்சா விற்க 28 வருஷம் பல்டி அடித்த விமானங்கள்... 'ரெட் பேரன்' குழு ஓய்வுபெற்ற கதை!

ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஓவனில் வைத்துச் சாப்பிடும் பீட்சா. அதை விற்க என்னவெல்லாம் செய்யலாம்? டிவியில் விளம்பரம் கொடுக்கலாம், கூப்பன் தரலாம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் மார்ஷல் என்ற சின்ன ஊரில் தொடங்கிய ஷ்வான் நிறுவனம் இன்னொன்றும் செய்தது. இரண்டாம் உலகப்போர் காலத்துப் பழைய விமானங்களைத் தேடிப்பிடித்து, ஊர் ஊராகப் போய் வானத்தில் பல்டி அடிக்க வைத்தது!

1979-ல் தொடங்கிய அந்த 'ரெட் பேரன் ஸ்குவாட்ரன்', 2007 சீசனோடு ஓய்வுபெற்றது. 28 வருஷம்! ஒரு விளம்பரம் அவ்வளவு நாள் ஓடியது என்பதே ஆச்சர்யம்தான்.

'ரெட் பேரன்' என்பது 1976-ல் அறிமுகமான பீட்சாவின் பெயர். நிஜமான ரெட் பேரன், முதல் உலகப்போரில் 80 எதிரி விமானங்களை வீழ்த்திய ஜெர்மன் பைலட் மான்ஃப்ரட் வான் ரிச்தோஃபன். 1918 ஏப்ரலில், 25 வயதில் சுடப்பட்டு இறந்தார். எதிரி நாட்டுப் போர்வீரனின் பெயரை அமெரிக்கர்கள் பீட்சாவுக்கு வைப்பார்களா என்று தோன்றலாம். 'பீனட்ஸ்' காமிக்ஸில் வரும் நாய்க்குட்டி ஸ்னூப்பி, 1965-லிருந்தே கற்பனையில் ரெட் பேரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அமெரிக்கக் குழந்தைகளுக்கு அவர் அப்போதே செல்ல வில்லன்!

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ரிச்தோஃபன் என்றதும் நினைவுக்கு வருவது மூன்றடுக்கு இறக்கை கொண்ட ஃபோக்கர் விமானம். இந்தக் குழு ஓட்டியதோ இரண்டடுக்கு இறக்கை கொண்ட, அக்மார்க் அமெரிக்கத் தயாரிப்பான 'போயிங் ஸ்டியர்மேன்'. திருவிழாக் கூட்டத்தில் யார் இதையெல்லாம் எண்ணிப் பார்க்கப்போகிறார்கள்?

ஸ்டியர்மேனின் கதையே தனி. கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில், போர்க்காலத்தில் 8,000-க்கும் மேல் தயாரானது. ராணுவத்திலும் கடற்படையிலும் சேர்ந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இதில்தான் பறக்கக் கற்றுக்கொண்டார்கள். இரும்புக் குழாய்ச் சட்டம், மரத்தாலான இறக்கை, மேலே போர்த்திய துணி. அவ்வளவுதான் விமானம்! ஆனால், கற்றுக்குட்டிகள் 'தொம்' என்று இறக்கினாலும் தாங்கும்.

போர் முடிந்ததும் ராணுவம் இவற்றை மலிவாக விற்றது. வாங்கியவர்களில் பலர் வயலுக்கு மருந்து அடிப்பவர்கள். பாரம் தூக்க 220 குதிரைத்திறன் இன்ஜின் போதாது என்று, அதைக் கழற்றிவிட்டு 450 குதிரைத்திறன் இன்ஜினை மாட்டினார்கள். அதே பெரிய இன்ஜின்தான் பிறகு சாகச விமானங்களுக்கும் கைகொடுத்தது. ரெட் பேரன் குழு பறந்ததும் அந்த இன்ஜினில்தான்.

சூர்யகிரண் போன்ற ஜெட் சாகசங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தலைக்கு மேல் உறுமிவிட்டுப் போகும். திரும்பி வருவதற்குள் கழுத்து வலிக்கும். பழைய பைபிளேன் அப்படியில்லை. வேகம் குறைவு என்பதால் வளையம் சின்னது. மேலே ஏறுவது, தலைகீழாவது, புகையை இழுத்தபடி கீழே விழுந்து நிமிர்வது என எல்லாமே கண்ணெதிரே நடக்கும். அந்த வெள்ளைப் புகைகூட, சூடான புகைக்குழாயில் எண்ணெயைச் செலுத்தி வரவழைப்பதுதான்.

பார்க்க நிதானம். ஓட்டுபவருக்கு நிதானமே கிடையாது. நான்கு விமானங்கள் ஒட்டி ஒட்டிப் பறக்கும்போது, தரையைப் பார்ப்பது தலைவரின் வேலை மட்டும்தான். மற்ற மூவரும் அவர் விமானத்திலிருந்து கண்ணை எடுக்க முடியாது. அவர் தலைகீழானால் இவர்களும் தலைகீழ். அவர் கணக்கு தப்பினால்? நான்கு பேருக்கும் ஆபத்து. 'விளம்பரம்' என்ற சொல்லுக்குள் இவ்வளவு பெரிய நம்பிக்கை அடங்கியிருந்தது.

அக்குழுவின் இன்னொரு வேலை, ஆட்களை ஏற்றிக்கொண்டு பறப்பது. பீட்சா விற்கும் கடைக்காரர்கள், உள்ளூர் நிருபர்கள் எனப் பலருக்கும் அந்த வாய்ப்பு கிடைத்தது. ஸ்டியர்மேனில் பைலட் பின்னால் உட்காருவார். முன் இருக்கை பயணிக்கு. கண்ணாடி மூடி கிடையாது. காதை அடைக்கும் காற்று, இன்ஜின் சூடு, எண்ணெய் வாசனை. என்னைக் கேட்டால், சாகசத்தைவிட இதுதான் அசல் விளம்பரம். ஒருமுறை அப்படிப் பறந்துவிட்டு வந்த கடைக்காரர், அந்த பீட்சாவைக் கடையின் மூலையிலா அடுக்குவார்?

அப்புறம் ஏன் நிறுத்தினார்கள்? விமானங்களுக்கு வயதாகிவிட்டது என்று சொல்வது சுலபம். ஆனால், ஸ்டியர்மேனில் துணி கிழிந்தால் புதுத் துணி போர்த்தலாம், மரம் உளுத்தால் வேறு மரம் செதுக்கலாம். இன்றும் நூற்றுக்கணக்கானவை பறக்கின்றன. ரெட் பேரன் குழு விமானப் படையும் அல்ல, அருங்காட்சியகமும் அல்ல. ஒரு கம்பெனியின் மார்க்கெட்டிங் பட்ஜெட்டில் இருந்த ஒரு வரி. அந்த வரியை அடித்தால் பைலட், மெக்கானிக் எல்லோருடைய சீசனும் முடிந்துவிடும். அதுதான் நடந்தது. சாகசக் குழுக்கள் பலவும் ஸ்பான்சரை நம்பித்தான் பறக்கின்றன என்பதால், இது இந்த ஒரு குழுவின் கதை மட்டுமல்ல.

ஷ்வான் நிறுவனத்தின் பெரும்பங்கை 2019-ல் தென்கொரியாவின் சிஜே நிறுவனம் வாங்கியது. பீட்சா இன்றும் விற்பனையாகிறது. ஸ்டியர்மேன்களைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் இல்லினாய் மாநிலத்தின் கேல்ஸ்பர்க் ஊருக்குப் போகிறார்கள். 1972-ல் தொடங்கி, அங்கே செப்டம்பரில் ஸ்டியர்மேன் உரிமையாளர்கள் தங்கள் விமானங்களோடு கூடிவருகிறார்கள். பலர் எங்கிருந்தோ அதே திறந்த காக்பிட்டில் உட்கார்ந்து, தாங்களே ஓட்டிக்கொண்டுதான் வந்து இறங்குகிறார்கள்.