வெளிவாசல் யாருக்குப் பாத்தியம்?

கீழே கடைகள், அவற்றின்மேல் வங்கியும் உணவு விடுதியும், உச்சியில் இரவும் பகலும் இயங்கும் அலுவலகங்கள் என்று ஒரே கூரையின்கீழ்ப் பல தொழில்கள் குடியேறிய கட்டடங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில், உள்ளே பிரவேசிக்கும் வழி தோரணமும் விளக்குமாய் ஜொலிக்க, வெளியேறும் வழியோ காவலாளியைக் கேட்டாலன்றித் தெரியாதிருப்பதைச் சாதாரண அசௌகரியமென்று நாம் சகித்துக்கொள்கிறோம்.

இதன் காரணம் கட்டடத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு லிப்ட் நான்காம் மாடியோடு நின்றுவிடும். மற்றொன்று ஐந்துக்குமேல்தான் திறக்கும். படிக்கட்டு எல்லாருக்கும் பொது என்பதனால் ஒருவரது பொறுப்பிலும் இல்லாது போகிறது. இரவு பத்து மணிக்குக் கடைக்காரர் ஷட்டரை இழுத்துப் பூட்டுகிறார். திருட்டுக்கு அஞ்சிப் பின்படிக்கட்டின் கதவும் பூட்டப்படுகிறது. மேலே ராத்திரி ஷிப்டில் இருப்பவர்களை யாரும் நினைப்பதில்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் அட்டைப்பெட்டிகள் தோளுயரம் அடுக்கியிருக்க, வெளியேறும் வழியைக் காட்டும் பச்சைப் பலகையைத் தள்ளுபடி விளம்பரம் ஒன்று மறைத்துக்கொண்டு தொங்கும்.

இத்தகைய அலட்சியத்தின் விலையை 1997 ஜூன் 13 அன்று டெல்லி கொடுத்தது. உபஹார் திரையரங்கு இருந்த கட்டடத்தில் கடைகளும் அலுவலகங்களும் இருந்தன; தரைத்தள வாகன நிறுத்தத்தில் மின்மாற்றி இருந்தது. அங்கே பிடித்த தீயின் புகை படிக்கட்டு வழியே மேலேறியபோது, பால்கனியின் வலப்புற வெளிவாசல் கூடுதல் ஆசனங்களுக்காக ஏற்கெனவே அடைக்கப்பட்டிருந்தது. வழிகாட்டும் விளக்கும் இல்லை, எச்சரிக்கும் அறிவிப்பும் இல்லை. 59 பேர் மாண்டனர். அவர்களை மாய்த்தது தீச்சுவாலையன்று, புகை. நஷ்டஈட்டு வழக்கு உச்சநீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது 2011-இல்!

வெளிவாசற் கதவு வெளிப்புறமாகத் திறக்கவேண்டும், உள்ளிருப்பவர் சாவியின்றித் திறக்கக்கூடியதாய் இருக்கவேண்டும், வழிக்குறிகள் இருட்டிலும் தெரியவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது. அதே ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, சக்கர நாற்காலியில் வருபவரும் பார்வையற்றவரும் அணுகமுடியாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் வழங்கலாகாதென்று 44-ஆம் பிரிவில் தெளிவாகத் தடுக்கிறது. தனியார் கட்டடமென்று சொல்லித் தப்ப இயலாது. லிப்டின் பொத்தானில் பிரெயில் எழுத்தும், மாடியைச் சொல்லும் குரலும் ஆடம்பரங்கள் என்று கருதும் நிர்வாகிகளை நான் கண்டிருக்கிறேன். பார்வையற்ற ஊழியருக்கு அவைதாம் வழித்துணை என்பதை அவர்கள் உணரவேண்டும்.

பரிகாரம் தேடுவோர், பூட்டிய கதவையும் அடைபட்ட படியையும் தேதியோடு படமெடுத்து, கட்டட நிர்வாகத்துக்கு முதலில் எழுத்து மூலமாகவே தெரிவிக்கவேண்டும், வாய்ச்சொல்லுக்குச் சாட்சியில்லை. அதன் நகலைத் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் மாவட்ட அலுவலருக்கு அனுப்பலாம். அக்கட்டடத்துக்குத் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று உண்டா, எதுவரை செல்லும் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்டால், 30 நாளில் பதில் தரவேண்டியது அலுவலரின் கடமை. மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி மறுக்கப்பட்டால் மாநில ஆணையரிடம் முறையிடலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை மீறுவோருக்கு முதன்முறை 10,000 ரூபாய் வரையிலும், மீண்டும் மீறினால் 50,000 முதல் ஐந்து லட்சம் வரையிலும் அபராதம் உண்டு. அலுவலகத்தில் புதிதாய்ச் சேர்பவர் முதல் வாரத்திலேயே லிப்டை விட்டுப் பின்படிக்கட்டில் தெருவரை இறங்கிப் பார்ப்பதும், எந்தக் கதவேனும் திறக்க மறுத்தால் அன்றே மனு எழுதுவதும் அவசியம்.