கையெழுத்து போடத் தெரியும், படிக்கத் தெரியாது

வழக்கமா இங்க கோடிங், வேலை, சம்பளம்னு பேசுவோம். இன்னைக்கு வேற ஒரு விஷயம். நான் ஆறு மாசமா ஒருத்தருக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கறேன். அதுல முதல் ரெண்டு மாசம் நான் பண்ணது முழுக்கத் தப்பு. ஏன் தப்பு, இதைச் சரியா பண்ணவங்க எப்படிப் பண்ணாங்கன்னு பேசலாம்.

எங்க அப்பார்ட்மெண்ட்ல ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கற ஒரு அக்கா. வயசு 46, 47 இருக்கும். பஸ் நம்பர் பார்ப்பாங்க, ரூபாய்க் கணக்கு என்னைவிட வேகமா போடுவாங்க. போன்ல காண்டாக்ட் எல்லாத்துக்கும் போட்டோ வெச்சிருப்பாங்க, ஏன்னா பேரைப் படிக்க முடியாது. ஆனா கையெழுத்து போடுவாங்க. யாரோ எப்பவோ சொல்லிக் கொடுத்தது. நாம கோலத்தை மனப்பாடமா போடற மாதிரி, அவங்க பேரை ஒரு படமா வரைவாங்க. அதுல எது எந்த எழுத்துன்னு கேட்டா தெரியாது.

அந்தக் கையெழுத்துதான் பிரச்சினை ஆச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க வாங்கின கடனுக்கு "சாட்சிக் கையெழுத்து"ன்னு சொல்லி ஒரு பேப்பர்ல வாங்கிட்டாங்க. அது சாட்சி இல்ல, ஜாமீன். கடன் வாங்கினவங்க வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க, வாரா வாரம் இவங்க கட்டறாங்க. "அதுல என்ன போட்டிருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் ஏன் தம்பி போடப் போறேன்?"னு கேட்டாங்க. அப்புறம், "நீ சொல்லித் தர்றியா?"ன்னாங்க.

நான் என்ன பண்ணேன்? கடைக்குப் போய் எல்கேஜி புத்தகம் வாங்கிட்டு வந்தேன். அ அம்மா, ஆ ஆடு. மூணாவது நாள் அவங்க பையன் அதைப் பார்த்துச் சிரிச்சிருக்கான். மறுநாள்ல இருந்து அக்காவுக்கு "வேலை இருக்கு தம்பி."

இங்கதான் நான் உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். இது எனக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டோட எழுத்தறிவு சுமார் 80 சதவீதம். அதாவது ஏழு வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த அஞ்சுல ஒருத்தர் நம்ம லிஃப்ட்லயே தினமும் வர்றாங்க.

முதல்ல பிரேசில். 1963, வடகிழக்குப் பகுதியில அங்கிகோஸ்னு ஒரு சின்ன ஊர். பாவ்லோ ஃபிரேரேன்னு ஒரு ஆசிரியரோட குழு, சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்துல எழுத்து சொல்லிக் கொடுக்கறதா இறங்கினாங்க. அன்னைக்கு அந்த நாட்டுல எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு ஓட்டு கிடையாது. அதனால ஒரு வகுப்பு முடிஞ்சா, புதுசா ஒரு வரிசை வாக்காளர் வந்துடுவாங்க. 1964-ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சதும் அந்தத் திட்டத்தை நிறுத்தி, ஃபிரேரேயை ஜெயில்ல போட்டாங்க. அப்புறம் அவர் பல வருஷம் வெளிநாட்டுலதான் இருந்தார். எழுத்து சொல்லிக் கொடுத்ததுக்கு ஜெயில்!

அவரோட முறையில புத்தகம் ரெண்டாம்பட்சம். முதல் வேலை, அந்த ஊருக்குப் போய் மக்கள் என்ன வார்த்தை பேசறாங்கன்னு கேக்கறது. அவங்க வாழ்க்கையில கனமா இருக்கற கொஞ்சம் வார்த்தைகளை மட்டும் எடுக்கறது. உதாரணமா 'திஜோலோ'. செங்கல்னு அர்த்தம். ஒரு படத்தைக் காட்டி முதல்ல பேசுவாங்க: யார் கட்டறாங்க, யாரோட வீடு, கூலி எவ்வளவு. அப்புறம்தான் வார்த்தையைத் தி-ஜோ-லோன்னு உடைப்பாங்க. தி-யில இருந்து த-தெ-தி-தொ-து. அடுத்தது ஜ வரிசை, ல வரிசை. அந்தத் துண்டுகளை வெச்சுப் படிக்கறவங்களே புது வார்த்தை கட்டுவாங்க.

இதைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இது நம்ம உயிர்மெய் வரிசை! அவங்க சிரமப்பட்டு உருவாக்கின அட்டவணை நம்ம எழுத்துலயே கட்டி வெச்சிருக்கு.

தமிழ்ல 247 எழுத்துன்னு சொன்னா யாரும் பயந்துடுவாங்க. ஆனா அது 247 தனித்தனிப் படம் இல்ல. உயிர் 12, மெய் 18, ஆய்தம், மேல புள்ளி, பக்கத்துல கால், கொக்கி, கொம்பு. மிச்சமெல்லாம் இதுங்களோட சேர்க்கை. அகர வரிசை என்பது அகராதிக்கு நல்ல வரிசை, ஆனா கத்துக்கறதுக்கு மோசமான வரிசை. 'அ' வளைவு, 'இ' அதைவிட வளைவு. பேனா பிடிச்சுப் பழகாத கைக்கு ட எளிது: ஒரு கோடு கீழே, ஒரு கோடு பக்கத்துல. இன்னொரு கோட்டை மேல இழுத்தா ப. இந்த ரெண்டோட புள்ளியும் காலும் சேர்த்தா 'பட்டா' வந்துடும். முதல் நாளே படிக்கற வார்த்தை வீட்டுமனைப் பத்திரத்தோட பேரா இருந்தா எப்படி இருக்கும்? ஆட்டுக்கும் அணிலுக்கும் இவ்வளவு வெயிட் கிடையாது.

சிக்கலும் இருக்கு. கு, சு, டு, து, மு பாருங்க. ஒரே ஒலிதான் சேருது, ஆனா உருவம் ஒவ்வொண்ணும் வேற. இதுக்கு ரூல் தேடாதீங்க, ஹார்ட்கோட் பண்ணிக்கிறதுதான் வழி. அடுத்தது கொம்பு. 'கொ'ன்னு சொல்லும்போது வாயில முதல்ல வர்றது க், ஆனா கண்ணுல முதல்ல படறது கொம்பு. யூனிகோட்ல க-வை முதல்ல சேமிச்சு, கொம்பை இடது பக்கம் வரைய வேண்டிய பொறுப்பை ஃபான்ட் தலையில கட்டிட்டாங்க. அக்காவுக்கு அந்த வசதி இல்ல. அதனால கொம்பு எழுத்துக்களைக் கடைசிக்குத் தள்ளிட்டேன்.

நம்ம பக்கத்துக்கு வருவோம். 1988-ல தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கினப்போ, எழுத்தறிவுன்னா என்னன்னு அளவு வெச்சாங்க. நிமிஷத்துக்கு 30 சொல் வாய்விட்டு வாசிக்கணும், பார்த்து எழுதினா 7 சொல், சொல்லச் சொல்ல எழுதினா 5 சொல், 100 வரைக்கும் எண். பாடநூல் மூணு பாகம், பரீட்சை அதுக்குள்ளயே இருக்கும், மொத்தம் சுமார் 200 மணி நேரம். 1990-ல எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதா அறிவிச்சாங்க. அடுத்து அறிவொளி இயக்கம் இங்க வந்துச்சு.

அறிவொளியில எனக்குப் பிடிச்ச ஊர் புதுக்கோட்டை. 1991-ல தொடங்கினது. சம்பளம் இல்லாத தொண்டர்கள், பாட்டு, வீதி நாடகம். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கத்துக் கொடுக்கறதையும் இதோட சேர்த்தாங்க. எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்? சொல்லிக் கொடுக்கப் போற பெண் பக்கத்து ஊருக்கு யாரையும் நம்பாம போகணும்ல. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பத்தி எழுதியிருக்கார், தேடிப் படிங்க. என் கணக்குல அந்தச் சைக்கிளும் ஒரு பாடப்பொருள்தான்.

நம்ம துறைக்காரங்களும் முயற்சி பண்ணியிருக்காங்க. 2000-ல எஃப்.சி. கோலி முன்னெடுப்புல டிசிஎஸ் கம்ப்யூட்டர் வழியா எழுத்தறிவுத் திட்டம் கொண்டு வந்தாங்க. எழுத்து வரிசை இல்லாம வார்த்தையைப் படமும் ஒலியுமா காட்டறது, பழைய கம்ப்யூட்டர்லயே ஓடும். இலக்கு சுமார் 500 சொல் வாசிக்கறது, எழுதறது அப்புறம். கடன் பேப்பருக்கு முன்னாடி நிக்கறவங்களுக்கு வாசிப்புதான் அவசரம்கறதால, எனக்கு இந்த யோசனை சரின்னு தோணுது.

சரி, அக்கா கதை. மன்னிப்பு கேட்டு, புத்தகத்தைத் தூக்கிப் போட்டுட்டு, "உங்களுக்கு எந்த வார்த்தை வேணும்?"னு கேட்டேன். அவங்க பேர், பொண்ணு பேர், கடன், ரூபாய், தேதி, ஜாமீன். பாடத்திட்டம் முடிஞ்சது. பொண்ணு பேர்லயும் ஜாமீன்லயும் 'ஜ' இருந்ததால, 247-க்கு வெளிய இருக்கற கிரந்த எழுத்து முதல் வாரமே வந்துடுச்சு. அவங்க போனே நோட்டுப் புத்தகம். காண்டாக்ட்ல ஒவ்வொரு போட்டோவா எடுத்துட்டுப் பேரை மட்டும் விட்டோம். தப்பா படிச்சா தப்பான ஆளுக்குப் போன் போகும், அதைவிட நல்ல டெஸ்ட் எங்க கிடைக்கும்?

ஒரு இடத்துல முட்டி நின்னோம். ன-வும் ண-வும் குழம்பிட்டே இருந்தது. ரெண்டு சுழி, மூணு சுழின்னு ரெண்டு வாரம் கத்தினேன். ஒருநாள் பேப்பரைக் கையை நீட்டித் தூரமா வெச்சுப் பார்த்தாங்க. அப்பதான் உறைச்சுது. வெள்ளெழுத்து! படிக்காதவங்க கண்ணாடி போட வேண்டிய தேவையே வராதுல்ல, அதனால கண்ணு மங்கினது அவங்களுக்கே தெரியல. கண்ணாடி வந்த அன்னைக்கு ண பிரச்சினை பாதி தீர்ந்துடுச்சு. 40 வயசுக்கு மேல யாருக்காவது சொல்லித் தரப் போறீங்கன்னா, முதல் பாடப்பொருள் கண்ணாடி, அப்புறம் பென்சில்.

இன்னொரு சுவர், எழுத்துத் தமிழ். 'செல்கிறேன்'னு எழுத்துக்கூட்டி முடிச்சுட்டு, "அப்படின்னா?"ன்னு கேட்டாங்க. வாயில 'போறேன்' தானே இருக்கு. அதனால முதல்ல அவங்க பேசற வாக்கியத்தையே எழுதிக் கொடுத்தேன்: "நாளைக்கு தண்ணி லாரி வராது." இலக்கண ஆசிரியர்கள் மன்னிக்கணும்.

இப்ப நிமிஷத்துக்கு 12 சொல் வருது. 30 ரொம்பத் தூரம். போன மாசம் மகளிர் குழுவுல ஒரு புது ஃபாரம் கொடுத்து "போடுக்கா, எல்லாரும் போட்டாச்சு"ன்னு சொல்லியிருக்காங்க. இவங்க கண்ணாடியை மாட்டிக்கிட்டு, "படிச்சுட்டுப் போடறேன்"னு வீட்டுக்குக் கொண்டு வந்துட்டாங்க. என் முன்னாடி ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழ விரல் வெச்சு நாற்பது நிமிஷம் படிச்சாங்க. பாதியில நின்னு கேட்டாங்க, "தம்பி, 'மேற்படி நபர்'னு போட்டிருக்கே, அது யாரு, நானா, கடன் வாங்கறவளா?"

எனக்கும் உடனே சொல்லத் தெரியல. ரெண்டு பேரும் முதல் வரியில இருந்து மறுபடி படிச்சோம்.