உங்களுக்குத் தெரியுமா? ஒரு பக்க மூக்கு மட்டும் ஒழுகினால்...

இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு பக்க மூக்கு மட்டும் நாள்கணக்கில் ஒழுகி, நாற்றமும் அடித்தால் அது அலர்ஜியாக இருப்பது அபூர்வம். உள்ளே பட்டாணியோ பாசிமணியோ ஸ்பாஞ்சுத் துண்டோ சிக்கியிருக்கலாம். அலர்ஜிக்கு ஓரவஞ்சனை கிடையாது. பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒழுகும்.

• பட்டாணி, புளியங்கொட்டை எல்லாம் ஈரத்தில் ஊறிப் பருக்கும். ஹேர்பின்னால் நோண்டினால் இன்னும் உள்ளே போகும். காது மூக்கு தொண்டை டாக்டர் எடுக்கட்டும். பட்டன் பேட்டரி என்று சந்தேகமா? நள்ளிரவானாலும் கிளம்புங்கள், சில மணி நேரத்தில் மூக்கின் நடுச்சுவரை அரித்துவிடும்.

• தண்ணீராய் ஒழுகல், அடுக்குத் தும்மல், கண் அரிப்பு இருந்தால் அலர்ஜியைச் சந்தேகிக்கலாம். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்துச் சில பிள்ளைகளுக்குக் குறுக்கே கோடே விழுந்திருக்கும்.

• வாயைத் திறந்தபடி தூங்கி, தினமும் குறட்டையா? மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதையின் வீக்கமாக இருக்கலாம்.

• வருஷத்துக்கு 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது இந்த வயதில் சகஜம். பச்சைச் சளி என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் முன் சலைன் சொட்டு விட்டால் அடைப்பு இளகும். 2 வயதுக்குள் கற்பூரம் கலந்த தைலம் கூடாது (பாட்டி என்ன சொன்னாலும்!).