கவுன்சலிங் போயும் பிணக்கு தீரவில்லையா?

"நீங்களே சொல்லுங்க மேடம், தப்பு யார் மேல?" தம்பதி ஆலோசனைக்கு வருவோர் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆலோசகரை நாட்டாமையாக்கிய பிறகு, தீர்ப்பு தன் பக்கம் இல்லையென்றால் மறுமுறை வர மனம் வராது.

நல்ல சிகிச்சைக்கும் எல்லை உண்டு. கடும் பிணக்கில் இருந்த 134 தம்பதிகளை ஓர் அமெரிக்க ஆய்வு, சிகிச்சைக்குப் பின் 5 ஆண்டுகள்வரை கவனித்தது. முடிவு 2010இல் வெளியானது. ஏறக்குறைய பாதித் தம்பதிகளிடம் தெளிவான முன்னேற்றம். நான்கில் ஒரு பங்கினர் பிரிந்துவிட்டார்கள்.

முடிவெடுத்துவிட்டு வருபவர்

ஒருவர் சேர்ந்து வாழத் துடிப்பார். மற்றவர், "கவுன்சலிங்கும் போய்ப் பார்த்தாச்சு" என்று உறவினரிடம் சொல்வதற்காகவே வந்திருப்பார். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் சமரச முயற்சியைக் கட்டாயமாக்கியிருப்பதால், வழக்குப் போட்ட பிறகே முதன்முதலாக ஆலோசகர் முன் உட்காருவோரும் உண்டு. வக்கீல் நோட்டீஸ் புண்படுத்திய பிறகு மனம் திறப்பது எளிதா?

ஒருவர் சேரவும் மற்றவர் பிரியவும் நினைக்கும் தம்பதிகளுக்காக அமெரிக்க உளவியலாளர் வில்லியம் டோஹர்ட்டி ஒரு தனிமுறை வகுத்தார். அதிகபட்சம் 5 அமர்வுகள். தாம்பத்தியத்தைச் சரிசெய்வது அங்கே நோக்கமல்ல. முயலலாமா, பிரியலாமா என்பதை மட்டும் தெளிவாக்கிக்கொள்வார்கள். இது நேர்மையான வழி என்பேன்.

அடி விழும் வீட்டில்

இங்கே கூட்டு ஆலோசனை ஆபத்தாகவே முடியலாம். அறையில் மனைவி சொன்ன உண்மைக்கு வீட்டில் உதை கிடைக்கும். அதனால்தான் தேர்ந்த ஆலோசகர் இருவரையும் தனித்தனியே சந்தித்து, அடி உண்டா, பயம் உண்டா என்று விசாரிப்பார். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா" என்பவரிடம் மீண்டும் போகாதீர்கள். பெண்களுக்கான 181 உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாதுகாப்பு உத்தரவு பெற வழி செய்கிறது.

குடிநோய், மனச்சோர்வு இருந்தால் அவற்றுக்கும் மருத்துவம் தொடங்க வேண்டும். பேச்சை மட்டும் திருத்திப் பயனில்லை.

அறைக்கு வெளியே

அமர்வு முடிந்த மாலையே அம்மா வீட்டிலிருந்து போன் வரும்: "அங்க என்ன சொன்னாங்க?" சொன்னதெல்லாம் இரண்டு குடும்பங்களிலும் பரவி, புதிய குற்றச்சாட்டாகத் திரும்பும். பேசியது இருவருக்குள் இருக்கட்டும் என்று முதல் நாளே ஒப்புக்கொள்ளுங்கள்.

தம்பதி சிகிச்சையில் தனிப்பயிற்சி உண்டா என்று ஆலோசகரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. சில அமர்வுகளுக்குப் பிறகும் மாற்றம் தெரியாவிட்டால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். அணுகுமுறையை மாற்றுவதா, வேறொருவரிடம் அனுப்புவதா என்பதை அவர் அப்போதுதான் யோசிக்க முடியும்.