பீலித் தண்ணீரில் கலந்தது எங்கிருந்து வந்தது?



உரம் போட்ட கையோடு மழை அடிச்சு ஊத்தினால், "போட்டதெல்லாம் ஆத்தோட போச்சு" என்று மலையில் பேசிக்கொள்வோம். அது வெறும் பேச்சில்லை. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். பொதுவாக ஒரு பயிர் தனக்குப் போட்ட நைதரசனில் பாதியளவைத்தான் எடுத்துக்கொள்கிறது. சில வேளை அதுவும் இல்லை. மிச்சத்தில் ஒரு பகுதி காற்றிலே போகிறது, ஒரு பகுதி மண்ணிலே தங்குகிறது. இன்னொரு பகுதி நைத்திரேற்று என்ற உப்பாக மாறி, மழைநீரோடு இறங்கிப் பீலிக்கும் கிணற்றுக்கும் வந்து சேர்கிறது.

ஆனால் லயத்து மலசலகூடக் குழியிலிருந்தும் மாட்டுப்பட்டியிலிருந்தும் கசிந்து வருவதும் இதே நைத்திரேற்றுத்தான். தண்ணீரில் அதற்கு நிறமில்லை, மணமில்லை. அப்படியென்றால் தண்ணீரைக் கெடுத்தது உரமா, குழியா? காரணம் தெரியாமல் பரிகாரம் செய்ய முடியாது. இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் கையாளும் வழியை இம்முறை விளக்குகிறோம்.

எடையில் இருக்கிறது சங்கதி

நைதரசன் அணுக்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றின் எடை 14, மற்றதன் எடை 15. குணத்தில் இரண்டும் ஒன்றே. இவற்றைச் சமதானிகள் என்பார்கள். காற்றில் 1000 நைதரசன் அணுக்களை எடுத்தால் ஏறக்குறைய 996 இலகுவானவை, 4 மட்டுமே கனமானவை. இந்தக் கனமான அணு 1929ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. இதில் கதிர்வீச்சு கிடையாது, பயப்படத் தேவையில்லை.

உரத் தொழிற்சாலை காற்றிலுள்ள நைதரசனை எடுத்தே யூரியா செய்கிறது. ஆகவே உரத்திலும் இரு வகை அணுக்களும் காற்றிலுள்ள விகிதத்தை ஒட்டியே இருக்கும். மலசலகூடமும் மாட்டுப்பட்டியும் அப்படியல்ல. அங்கே மூக்கைத் துளைக்கிற நெடி அமோனியா வாயு. அது கிளம்பும்போது இலகுவான அணுக்களே கூடுதலாகப் பறந்துவிடும், கனமானவை பின்தங்கிவிடும். காற்றில் 1000 கனமான அணுக்கள் இருக்கும் இடத்தில், இப்படி வந்த நைத்திரேற்றில் 1010 முதல் 1020 வரை இருக்கலாம். கொழுந்து நிறுக்கிற தராசுக்கு இந்த வித்தியாசம் பிடிபடாது. அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் விசேட கருவிக்குப் பிடிபடும்.

1971இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் டிகேட்டர் ஏரிக்கு வரும் நீரை இந்த முறையில் ஆராய்ந்தார்கள். வசந்த காலத்தில் கூடும் நைத்திரேற்றில் குறைந்தது 55 சதவீதம் வயல் உரத்திலிருந்து வந்தது என்று கணித்தார்கள். மண் விஞ்ஞானிகள் பலர் மறுத்தார்கள். மண்ணிலுள்ள கிருமிகளும் இந்த விகிதத்தை மாற்றிவிடும் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. அதனால் இப்போது நைத்திரேற்றிலுள்ள ஒட்சிசனின் சமதானிகளையும் சேர்த்துப் பார்த்தே முடிவு சொல்கிறார்கள்.

இன்னொரு முறையும் உண்டு. கனமான அணுக்களைக் கூடுதலாகச் சேர்த்த உரத்தை அளந்து போட்டு, பிறகு இலையிலும் வேரிலும் மண்ணிலும் அவற்றைத் தேடுவார்கள். போட்ட உரம் எவ்வளவு செடிக்குப் போனது என்பது கணக்காகத் தெரிந்துவிடும்.

நமக்கு இதனால் என்ன?

உரமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2021ஆம் ஆண்டின் இரசாயன உரத் தடைக்குப் பிறகு கொழுந்து குறைந்து பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். ஆனால் உரம் செடிக்குப் போக வேண்டும், பிள்ளையின் போத்தலுக்குப் போகக்கூடாது. உலக சுகாதார நிறுவனம் குடிநீர் ஒரு லீற்றரில் 50 மில்லிகிராம் நைத்திரேற்றை எல்லையாக வைத்திருக்கிறது. அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை இழந்து உடம்பு நீலம் பாரிக்கலாம்.

ஆகவே இவற்றை மனதில் வையுங்கள்:

1. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீண்ட நேரம் வற்றக் காய்ச்சினால் அதன் செறிவு கூடும்.

2. ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். உதடும் நகமும் நீலமானால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

3. பீலிக்கு மேற்புறத்தில் குழி வெட்ட விடாதீர்கள். பெருமழைக்கு முன்னும் ஊற்றுக்கு அருகிலும் உரம் போடச் சொன்னால், காரணத்தைச் சொல்லிப் பேசுங்கள்.

4. சந்தேகம் வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தண்ணீரைப் பரிசோதிக்கும்படி எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். நல்ல தண்ணீர் கேட்பது சலுகை இல்லை, உரிமை.